மின்சாரம் நின்ற பின் கிடைக்கும் சில நிமிடங்கள்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் இதழ் அலுவலகத்தைத் திறந்தபோது, வாசகர் முகவரிப் பட்டியல் இருந்த கணினி அணைந்து கிடந்தது. பட்டியலில் இரண்டு முறை இடம்பெற்ற பெயர்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும் பணியைச் சனிக்கிழமை மாலை தொடங்கிவைத்திருந்தோம். பல மணி நேரம் பிடிக்கும் வேலை என்பதால் கணினியை இயங்கும் நிலையிலேயே விட்டுச் சென்றோம். ஞாயிறன்று பிற்பகல் மின்சாரம் போயிருக்கிறது. மேசைக்கு அடியிலிருந்த யு.பி.எஸ். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்ததாகவும், பிறகு அடங்கிவிட்டதாகவும் கட்டடக் காவலாளி சொன்னார். அறை பூட்டியிருந்ததால் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

கணினியை மீண்டும் இயக்கினோம். அது இயங்கியது, பட்டியல் மட்டும் திறக்கவில்லை. கடைசியாக எடுத்து வைத்த நகல் நான்கு மாதங்களுக்கு முந்தையது. இடைப்பட்ட காலத்தில் வந்த முகவரி மாற்றங்களைக் கடிதக் கட்டுகளிலிருந்து தேடியெடுத்து மறுபடியும் தட்டச்சு செய்ய இருவருக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன.

யு.பி.எஸ். மீது அன்று எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் பழுது பார்க்க வந்தவர் அதனைச் சோதித்துவிட்டு, கருவி குறையேதுமின்றித் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்த அதன் அட்டைப்பெட்டியை இறக்கிப் பார்த்தார். உள்ளே, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே ஒரு கேபிள் கிடந்தது. "இதை ஏன் மாட்டவில்லை?" என்று கேட்டார். அது எதற்கு என்பதே எங்களுக்குத் தெரியாது.

இக்கட்டுரை அந்தக் கேபிளைப் பற்றியது.

எங்களுக்கு நேர்ந்த இழப்பு ஒன்பது நாள் உழைப்போடு முடிந்தது. வணிகம் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு அப்படி முடியாது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, கணக்குப் பதிவேடுகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள், மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகளுக்கு இந்தியாவிலுள்ள சர்வர் ஒன்றில் நாள்தோறும் நகல் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. காகிதப் பேரேடு மின்தடையால் அழிவதில்லை. கணினிப் பேரேடு அழியக்கூடும். அதுவும் மாதக் கடைசியில், எழுத்து வேலை மிகுந்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அது நிகழ்கிறது.

ஏன் அழிகிறது?

கணினி ஒரு கோப்பில் எழுதும்போது ஒரே மூச்சில் எழுதிவிடுவதில்லை. முதலில் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பிறகு சிறு சிறு பகுதிகளாக வன்தட்டுக்கு அனுப்புகிறது. வன்தட்டும் தன் பங்குக்குச் சிலவற்றைத் தன் உள் நினைவகத்தில் தேக்கி வைத்துக்கொண்டு, வசதியான நேரத்தில் பதிகிறது. திரையில் "சேமிக்கப்பட்டது" என்று தெரிவதற்கும் உண்மையில் பதிவதற்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறது. மின்சாரம் அந்த இடைவெளியில் போனால், கோப்பின் ஒரு பாதி புதியதாகவும் மறுபாதி பழையதாகவும் நின்றுவிடும்.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதனை எளிதாக விளக்கலாம். ஒரு கணக்கில் பற்று எழுதி, மறு கணக்கில் வரவு எழுதுவதற்குள் எழுத்தரின் கையிலிருந்து பேனா பறிக்கப்பட்டால் பேரேடு என்ன ஆகும்? இந்தச் சிக்கலை வங்கிகளின் மென்பொருள்கள் நெடுநாட்களுக்கு முன்பே எதிர்கொண்டன. இரண்டு பதிவுகளும் நிகழ வேண்டும், அல்லது இரண்டுமே நிகழக் கூடாது என்ற நெறியைத் தரவுத்தள அறிஞர்கள் வகுத்தனர். இத்துறையில் செய்த பணிக்காக ஜிம் கிரே என்பவருக்கு 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகே பேரேட்டில் கை வைப்பது இம்முறையின் சாரம். நல்ல தரவுத்தள மென்பொருள்கள் இவ்வாறே நடப்பதால் திடீர் மின்தடையிலிருந்து பெரும்பாலும் மீண்டுவிடுகின்றன. ஆனால் சிறு கடைகளில் பயன்படும் எல்லா மென்பொருள்களும் அப்படிப்பட்டவை அல்ல. விரிதாளில் கணக்கு எழுதுவோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லவே இல்லை.

இனி யு.பி.எஸ்.

மின்சாரம் போனாலும் வேலையைத் தொடர உதவும் கருவி என்றே இதனைப் பலரும் வாங்குகின்றனர். 'தடையில்லா மின்வழங்கி' என்ற பெயரும் அப்படித்தான் எண்ணச் செய்கிறது. சிறிய கருவிகளைப் பொறுத்தவரை அந்தப் பெயர் சற்று மிகை என்றே நாங்கள் கருதுகிறோம். கடைகளில் பரவலாக விற்கும் 600 வி.ஏ. கருவியை எடுத்துக்கொள்வோம். அது தாங்கக்கூடிய சுமை பெரும்பாலும் 360 வாட் அளவே; வி.ஏ. என்பதையே வாட் என்று எண்ணி ஏமாறக் கூடாது. அதனுள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரு பேட்டரி. கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் எடுத்தால், புதிய பேட்டரி ஏறத்தாழ இருபது நிமிடங்கள் தாங்கும். சுமை 200 வாட் ஆனால் பத்து நிமிடங்கள் தாங்கும் என்று கணக்குப் போடத் தோன்றும். உண்மையில் எட்டு நிமிடங்கள் கிடைத்தால் பெரிது. வேகமாக உறிஞ்சப்படும் பேட்டரி தன் முழு ஆற்றலையும் தருவதில்லை.

ஆகவே இது வேலையைத் தொடர்வதற்கான அவகாசம் அன்று; வேலையை முறையாக முடித்து மூடுவதற்கான அவகாசம். 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட இந்திய மின்தொகுப்பு முற்றிலும் செயலிழந்தது. மறுநாள் பிற்பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் ஒன்றாக வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் அவை. மின்சாரம் முழுமையாகத் திரும்பப் பல மணி நேரம் ஆயிற்று. மேசைக்கடியில் வைக்கும் எந்தப் பேட்டரியும் அதனைத் தாண்டியிருக்க முடியாது. அன்று தப்பியவை, பேட்டரி தீர்வதற்குள் முறையாக மூடப்பட்ட கணினிகளே.

மின்சாரம் நின்றவுடன் கருவி பேட்டரிக்கு மாறும் நொடியைப் பற்றியும் சிலர் கவலைப்படுவதுண்டு. சாதாரண கருவிகளுக்கு இம்மாற்றத்திற்கு 4 முதல் 10 மில்லிவினாடி வரை பிடிக்கிறது. கணினியின் உள்ளிருக்கும் மின்வழங்கிப் பெட்டி 16 மில்லிவினாடி அளவுக்கு வெளி மின்சாரம் இன்றியே தாக்குப்பிடிக்கும் வகையில் அமைக்கப்படுகிறது. எனவே நல்ல நிலையிலுள்ள கணினிக்கு இது தெரியவே தெரியாது. எப்போதும் தன்னுள் இருக்கும் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரம் தரும் 'ஆன்லைன்' வகையில் மாற்ற நேரம் என்பதே இல்லை. வங்கிக் கிளைகளில் இருப்பவை அத்தகையவை. அதன் விலைக்கு ஈடான தேவை சிறு கடைகளுக்கு அரிது.

சரி, அந்தச் சில நிமிடங்களில் மூடுவது யார்? பகலில், ஆள் இருக்கும்போது, ஒலியைக் கேட்டு நாமே மூடலாம். ஆள் இல்லாதபோது கணினி தானே மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் மின்சாரம் போன செய்தி அதற்குத் தெரிய வேண்டும். யு.பி.எஸ். தரும் மின்சாரம் வழக்கம்போல வந்துகொண்டிருப்பதால், வெளியே என்ன நடக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. அச்செய்தியைச் சுமந்து செல்வதுதான் பெட்டிக்குள் கிடந்த யு.எஸ்.பி. கேபிள். பெரும்பாலான கருவிகளில் அது அச்சுப்பொறிக்கு வரும் சதுரமுனைக் கேபிளைப் போன்றதே. ஒரு முனையை யு.பி.எஸ்.ஸின் பின்புறத்திலும் மறுமுனையைக் கணினியிலும் செருகினால், விண்டோஸ் கணினிகளில் மடிக்கணினியில் தெரிவது போன்ற பேட்டரிக் குறி திரையின் மூலையில் தோன்றும். தோன்றாவிட்டால் தயாரிப்பாளரின் மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: விலை மலிவான சில மாதிரிகளில் இந்தத் துளையே இருப்பதில்லை. வாங்கும்போது கடைக்காரரிடம் எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்கும் நாம், கணினியோடு பேசுமா என்று கேட்பதில்லை.

கேபிளைச் செருகிவிட்டதோடு வேலை முடியவில்லை. செய்தி கிடைத்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லி வைக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் என்பதைத் திறந்தால், பேட்டரி என்ற தலைப்பின் கீழ் 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்ஷன்', 'கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்' என்று இரண்டு இடங்கள் இருக்கும். முதலாவதில் செயல், இரண்டாவதில் எத்தனை விழுக்காடு மீதமிருக்கும்போது அச்செயல் தொடங்க வேண்டும் என்ற அளவு.

இந்த அளவு பல கணினிகளில் 5 விழுக்காடு என்றே இருக்கும். மடிக்கணினிக்கு அது பொருந்தலாம். யு.பி.எஸ்.ஸுக்கு அது ஆபத்தானது. பழகிய பேட்டரி 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்துவிடும். 5 என்ற எண்ணைக் கணினி பார்க்கவே வாய்ப்பிருக்காது. நாங்கள் இப்போது 50 என்று வைத்திருக்கிறோம். பாதிப் பேட்டரி வீணாகிறதே என்று ஒரு நண்பர் வருந்தினார். எங்களுக்கு வருத்தமில்லை.

செயலில் மூன்று வகை உண்டு. 'ஸ்லீப்' என்பது இதற்கு உதவாது. அந்நிலையில் நினைவகத்திற்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். 'ஷட் டவுன்' முறையானதே. ஆனால் சேமிக்கப்படாத ஆவணம் ஏதேனும் திறந்திருந்தால், "சேமிக்கலாமா?" என்று மென்பொருள் பணிவோடு கேட்டுக்கொண்டு காத்திருக்கும். ஆளில்லாத அறையில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாருமில்லை. பேட்டரி தீரும்வரை கேள்வி திரையில் நிற்கும். 'ஹைபர்னேட்' அத்தகைய கேள்வி எதையும் கேட்பதில்லை. நினைவகத்தில் இருப்பவை அனைத்தையும் அப்படியே வன்தட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடும். மின்சாரம் வந்தபின் இயக்கினால், பாதியில் விட்ட வரி விட்ட இடத்திலேயே இருக்கும். தனிக் கணினிக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதுவே. பட்டியலில் ஹைபர்னேட் காணப்படாத கணினிகளும் உண்டு. கணினி தெரிந்த ஒருவரைக் கொண்டு அதனைச் செயல்படுத்திக்கொள்ளலாம்.

ஒரே கணக்கை நான்கைந்து கணினிகள் பகிர்ந்துகொள்ளும் கடைகளில் நிலை வேறு. அங்கே தரவு இருக்கும் முதன்மைக் கணினி முதலில் மூடக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் மற்றவை மூடிய பிறகே அது மூட வேண்டும். கல்லாப்பெட்டியை எண்ணிப் பூட்டுவது எல்லா விற்பனையாளர்களும் கணக்கை ஒப்படைத்த பிறகுதானே? லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் இந்த வரிசையைத் தானே கவனித்துக்கொள்கிறது. கேபிள் இணைந்த கணினி மற்றவற்றுக்கு மூடுமாறு செய்தி அனுப்புகிறது. அவை விலகும்வரை காத்திருக்கிறது. இறுதியில் தானும் மூடிக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டிக்குமாறு யு.பி.எஸ்.ஸுக்குக் கட்டளையிடுகிறது. கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அது அணைந்துவிட்டால் செய்தி போக வழியில்லை.

கடைசியாக மின்சாரத்தைத் துண்டிப்பது எதற்கு என்ற ஐயம் எழலாம். கணினி மூடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யு.பி.எஸ். இடைவிடாமல் மின்சாரம் தந்துகொண்டிருப்பதால், மின்சாரம் 'போய் வந்தது' என்பதே அணைந்த கணினிக்குத் தெரியாது; யாரேனும் பொத்தானை அழுத்தும்வரை அணைந்தே கிடக்கும். துண்டித்து மீண்டும் தந்தால்தான், 'மின்சாரம் வந்ததும் இயங்கு' என்று அதன் பயோஸ் அமைப்பில் சொல்லி வைத்தது பலிக்கும். இரவு பகலாக இயங்க வேண்டிய கணினிகளுக்கே இது தேவை. மற்றவற்றைக் காலையில் வந்து நாமே இயக்குவது நல்லது. காலியான பேட்டரி மீண்டும் நிறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். வந்த மின்சாரம் அரை மணியில் மறுபடியும் போனால், அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கணினியைக் காக்கப் பேட்டரியில் ஒன்றும் இருக்காது.

"வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யு.பி.எஸ். எதற்கு?" என்று கேட்போர் பலர். இன்வெர்ட்டர் மணிக்கணக்கில் தாங்கும், உண்மை. ஆனால் அது பேட்டரிக்கு மாறும் நேரம் சில மாதிரிகளில் கணினி பொறுக்கும் அளவை விட அதிகம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பொதுவாகக் கணினியோடு பேசுவதுமில்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டரின் மின்சாரத்தைச் சில யு.பி.எஸ்.கள் ஏற்பதில்லை. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்க, யு.பி.எஸ். தன் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருக்கும். லேசர் அச்சுப்பொறியை யு.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. அதன் சூடேற்றும் பகுதி ஒரே நொடியில் இழுக்கும் மின்சாரம் சிறிய கருவியை வீழ்த்திவிடும்.

நம் நாட்டில் பேட்டரியின் பெரும்பகை வெப்பம். ஈய-அமில பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ மே மாதத்தில் மூடிய கடைக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்பதை அவ்வூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரோடு ஒட்டி, துணிக்கட்டுகளுக்கு நடுவே, காற்றோட்டமின்றி வைக்கப்படும் கருவியில் பேட்டரி இரண்டு ஆண்டுகள் உழைத்தால் நல்லது. அது செத்துப்போனதும் நமக்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகையால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். எல்லாக் கோப்புகளையும் சேமித்து, நகல் எடுத்து, நகல் இருக்கும் பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் நில இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்கும். பிறகு கடிகாரத்தோடு உட்கார்ந்து, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். கணினி தானே மூடிக்கொள்கிறதா, அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் மீதே ஒட்டி வையுங்கள். எங்கள் முதல் சோதனையில் கணினி மூடிக்கொள்ளவில்லை; கேபிளைச் செருகியிருந்தோம், செயலைத் தேர்ந்தெடுக்க மறந்திருந்தோம்.

பணப் பரிமாற்றத்தின் நடுவில் கணினி அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று வாசகர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கின்றனர். உடனே மறுபடியும் அனுப்பிவிடாதீர்கள். முதலில் கைபேசியிலோ வேறு வழியிலோ கணக்கின் இருப்பையும் அண்மைப் பரிவர்த்தனைகளையும் பாருங்கள். உங்கள் கணினியில் மின்சாரம் போனாலும் வங்கியின் கணினியில் ஆணை நிறைவேறியிருக்கலாம். பற்று விழுந்து, பெறுபவர் கணக்கில் வரவு ஆகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை உங்களுக்குத் துணை நிற்கிறது. ஒருவர் மற்றொருவருக்கு யு.பி.ஐ. வழியாகவோ ஐ.எம்.பி.எஸ். வழியாகவோ அனுப்பிய தொகை, பரிவர்த்தனை நாளுக்கு மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்திய யு.பி.ஐ. தொகையில் பற்று விழுந்தும் வணிகருக்கு உறுதிச் செய்தி கிடைக்காவிட்டால், ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதனை நீங்கள் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் சென்ற மாதம் பேட்டரியை மாற்றினோம். சீட்டில் முதலில் பத்தொன்பது என்று எழுதியிருந்தது; அடுத்த சோதனையில் பதினான்காகி, கடைசியில் ஆறுக்கு வந்துவிட்டது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடவில்லை. அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அவற்றைத் தனியே சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. புதியதை விற்ற கடைக்காரரே அதனைப் பெற்றுக்கொண்டு, விலையில் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டார்.